ரிலீவர் வராமல் எழக்கூடாது

ஜெர்மனிக்காரர்களுக்குச் சும்மா உட்காரச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்று சொன்னபோது, என் வீட்டுக்காரர் செய்தித்தாளை இறக்காமலே, "ஏன், அவங்க ஊர்ல நாற்காலி இல்லையா?" என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றது முதல் நான் எதைச் செய்தாலும் அவரிடம் இப்படி ஒரு கேள்வி தயாராக இருக்கும். பெட்டியில் இன்னும் இரண்டு பொட்டலம் முந்திரிப்பருப்பைத் திணித்து, அதன் மேல் ஏறி உட்கார்ந்து மூடினேன். திரும்பி வந்து அவர் வாயை அடைக்க வேண்டும் என்ற வெறி அப்போதே பிடித்துக்கொண்டது.

எங்கள் மௌனக் கூடத்தை நெய்வேலிக்கு வெளியே யாருக்கும் தெரியாது. நெய்வேலியில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஓர் இடத்தில் கூடுவது நடக்காத காரியம். ஒருவர் முதல் ஷிஃப்டில் நிலக்கரி மைன்ஸுக்குள் இருப்பார், இன்னொருவர் நைட் முடித்துவிட்டுக் குறட்டை விடுவார். அதனால் கூடத்தைத் தொடங்கியவர்கள் ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஒரு விளக்கு, அதன் முன்னால் தரையில் இரண்டு பேர் அமரும் அகலத்தில் ஓர் இருக்கை. வாரத்தில் ஒரு நாள், விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அந்த இருக்கை காலியாகக் கூடாது. ஒருவர் மாற்றி ஒருவர் வந்து பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். அடுத்த ஆள் பக்கத்தில் வந்து அமர்ந்து கைமேல் கை வைத்தால், முன்னவர் எழுந்து போகலாம். அவ்வளவுதான் எங்கள் ஆன்மிகம். சாமி படம் கிடையாது. நான் மனசுக்குள் ஜெபமாலை சொல்வேன். கலியபெருமாள் அண்ணன் திருவதிகை ஈஸ்வரனை நினைத்துக்கொள்வார். யாரும் யாரையும் விசாரிப்பதில்லை.

கலியபெருமாள் அண்ணன் முத்தாண்டிக்குப்பத்துக்காரர். மைன்ஸில் கன்வேயர் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் குடியிருப்பு பிளாக்கில் வளர்ந்த கவிதா, படித்து முடித்து ஜெர்மனியில் வேலைக்குப் போன இடத்தில், ஒரு சமையலறையில் நாலைந்து பேரை வைத்து இந்தக் கூடத்தை ஆரம்பித்திருந்தாள். இப்போது அவளுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. அவள் போய்விட்டால் கூடம் கலைந்துவிடும். போவதற்குள் அதற்கு ஒரு சொந்த இடம் கிடைத்துவிட்டால் நிற்கும். அதற்காகத்தான் எங்களைக் கூப்பிட்டாள். "நீங்க ரெண்டு பேரும் வந்து சொல்லிக்குடுத்தா நம்புவாங்க ஆன்ட்டி" என்றாள் போனில். எங்களை நம்பி ஒருத்தி விமானம் ஏறச் சொன்னது அதுதான் முதல் தடவை.

முதல் நாள் பெர்லின். குளிர் என்று பயமுறுத்தியிருந்தார்கள், ஆனால் எனக்குப் பெரிதாகப் பட்டது காற்றில் சாம்பல் இல்லாததுதான். கவிதாவின் தோழி வீட்டு மாடியில் வெள்ளைச் சட்டையைக் காயப்போட்டு வெள்ளையாகவே எடுத்தார்கள். காலையில் ரொட்டி கொடுத்தார்கள். அதைக் கடிக்க எனக்குப் பல் போதவில்லை. கலியபெருமாள் அண்ணன் எலுமிச்சை ஊறுகாயைத் தடவி, காபியில் தோய்த்து, தமிழ்நாட்டில் யாரும் செய்திராத ஒரு பலகாரமாக அதை மாற்றிச் சாப்பிட்டார்.

அன்று சாயங்காலம் ஒரு யோகா நிலையத்தில் எங்கள் முதல் பயிற்சி வகுப்பு. பளபளவென்று மரத்தரை. வந்தவர்கள் எல்லோரும் சுருட்டிய பாயோடு வந்தார்கள். சான்றிதழ் உண்டா என்று ஒருவர் கேட்டார். இது முதல் நிலையா இரண்டாம் நிலையா என்று இன்னொருவர். நான் விளக்கை ஏற்றி, எப்படி உட்கார வேண்டும், மூச்சை எப்படிக் கவனிக்க வேண்டும், கைமேல் கை வைப்பது எப்படி என்று விளக்கமாகச் சொன்னேன். கவிதா அதையெல்லாம் ஜெர்மனில் சொன்னாள். அழகாகத்தான் தொடங்கியது.

மூன்றாவதாக உட்கார்ந்த பெண் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். தன் நேரம் முடிந்தது என்று கண்டாள். எழுந்தாள், பாயைச் சுருட்டினாள், எங்களைப் பார்த்து இனிமையாகச் சிரித்தாள், போய்விட்டாள். அடுத்து உட்கார வேண்டியவர் வெளியே காபி குடித்துக்கொண்டிருந்தார். விளக்கு எரிகிறது, எதிரே வெறும் இருக்கை.

கலியபெருமாள் அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "இன்னா சிஸ்டர் இது? சீட்ட அப்படியே காலியா வுட்டுட்டு போய்கினே இருக்குது அந்தப் பொண்ணு!" என்று சத்தமாகவே சொன்னார். மற்றவர்கள் இது ஏதோ மந்திரம் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

அறைக்குத் திரும்பியதும் நாங்கள் இரண்டு பேரும் அந்த நாட்டையே திட்டித் தீர்த்தோம். பொறுப்பில்லாத ஜனங்கள், கடிகாரத்துக்குப் பிறந்தவர்கள் என்று நான் சொன்னேன். கவிதா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆன்ட்டி, ஆள் வர்ற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாதுன்னு நீங்க அவங்ககிட்ட சொல்லவே இல்லையே" என்றாள்.

உண்மைதான், சொல்லவில்லை. மூச்சைச் சொன்னேன், முதுகைச் சொன்னேன், அதைச் சொல்லவில்லை. அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே எங்களுக்குத் தோன்றியதில்லை. வார்டில் அடுத்த நர்ஸ் வந்து ஒவ்வொரு கட்டிலாகக் கேட்டு வாங்கிக்கொள்ளாமல் நான் ஒரு நாளும் வீட்டுக்கு வந்ததில்லை. ரிலீவர் வரவில்லை என்றால் டபுள் டூட்டி. என் வீட்டுக்காரர் மைன்ஸில் அப்படி மாட்டிக்கொண்ட நாட்களில் பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர் கையில் சாப்பாடு கொடுத்தனுப்புவேன். எங்கள் ஊர்க் குழந்தைகள்கூட ஜோடியாகக் கைகோத்துத் தட்டாமாலை சுற்றும்போது அடுத்தவன் வந்தால்தான் கையை விடும். நெய்வேலியில் எங்கள் கூடத்துக்கு வந்த யாருக்கும் இதைச் சொல்லிக்கொடுக்க நேர்ந்ததில்லை.

"நம்ம மேல தப்ப வச்சிகினு அவங்கள திட்டிகினு இருந்தோம் பாரு" என்றார் அண்ணன். பிறகு இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இரண்டாம் நாள் ரயிலில் லௌசிட்ஸ் என்ற பகுதிக்குப் புறப்பட்டோம். போலந்து எல்லைப் பக்கம் இருக்கிறது. அங்கேயும் பழுப்பு நிலக்கரிதான், அங்கேயும் திறந்தவெளிச் சுரங்கம்தான். கவிதா தன் கூடத்தை நடத்தியதும் அங்கே ஒரு சின்ன ஊரில்தான்.

வழியில் அண்ணன் கழிப்பறையைத் தேடி முன்பெட்டிகளுக்குப் போனார், விளக்குப் பையையும் பத்திரத்துக்காகத் தோளில் மாட்டிக்கொண்டு. ஒரு ஸ்டேஷனில் வண்டி நின்றது. ஏதோ அறிவிப்பு வந்தது. கவிதா தூக்கிவாரிப்போட்டு எழுந்தாள். அந்த ரயில் அங்கே இரண்டாகப் பிரியுமாம், முன்பாதி ஓர் ஊருக்கு, பின்பாதி இன்னோர் ஊருக்கு. அவள் கதவுக்கு ஓடுவதற்குள் முன்பாதி அண்ணனையும் விளக்கையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. நம் ஊரில் வண்டி தாமதமாக வரும், வராமலும் போகும். ஆனால் பாதியாக அறுத்துக்கொண்டு போய் நான் பார்த்ததில்லை.

போன் போட்டால் எடுக்கவில்லை. நான் மாதாவை வேண்டிக்கொண்டேன், அண்ணன் சார்பாக ஈஸ்வரனையும் வேண்டிக்கொண்டேன். நாங்கள் அந்த ஸ்டேஷனிலேயே இறங்கிக் காத்திருந்தோம். வெகுநேரம் கழித்து எதிர்த்திசையிலிருந்து வந்த வண்டியில், கதவருகே ராஜா மாதிரி நின்றபடி அண்ணன் வந்தார். பக்கத்தில் டிக்கெட் பரிசோதிக்கும் அம்மாள், கையில் பலாச் சுளை வறுவல்.

"வண்டிய ரெண்டா வெட்டிட்டானுங்க சிஸ்டர்! இந்தம்மாதான் கூட்டிகினு வந்துச்சு. நல்ல பொண்ணு. நம்ம பண்ருட்டிப் பலா ரொம்பப் புடிச்சிபோச்சு அதுக்கு."

"அண்ணே, அந்த வறுவல் நாம போற வீட்டுக்குக் குடுக்க வச்சிருந்தது."

"அவங்களுக்குத்தான் முந்திரி இருக்குதே."

நாங்கள் தங்கியது எல்க்கே வீட்டில். பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்த பிறகு தனியாக இருக்கிறார். கவிதாவின் கூடம் கூடுவது அவருடைய சமையலறையில்தான். இடுப்பு வலியால் சற்றுச் சாய்ந்து நடப்பார். வாசலிலேயே என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். கவிதா தமிழில் சொன்னாள்: "வாரம் பூரா இந்த வீட்ல யாரும் பேசாம இருக்கிறது வேற, அந்த ஒரு நாள் எல்லாரும் சேர்ந்து பேசாம இருக்கிறது வேறன்னு சொல்றாங்க ஆன்ட்டி." அந்தக் கணமே இந்தப் பயணத்தின் பாரம் முழுக்க என் தோளில் வந்து உட்கார்ந்தது. கவிதா போய், கூடமும் போய்விட்டால், இந்த அம்மாளுக்கு அந்த ஒரு நாளும் இல்லை.

மத்தியானம் பழைய சுரங்கத்தைக் காட்ட அழைத்துப் போனார். நான் குழியை எதிர்பார்த்தேன். எதிரே ஏரி. கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர், அதில் பாய்மரப் படகுகள். கரையில் மண்வெட்டும் ராட்சத இயந்திரம் ஒன்றைக் காட்சிக்கு நிறுத்தியிருந்தார்கள். நம் மைன்ஸில் ஓடுவதற்குச் சித்தப்பா மகன் போல இருந்தது. அண்ணன் அதன் சக்கரத்தைத் தடவிப் பார்த்தார். "கிரீஸ் போட்டு வச்சிருக்கானுங்க. ஓடாத மெஷினுக்கு யாரு சிஸ்டர் கிரீஸ் போடுவா?" என்று கேட்டார்.

அந்தக் கிரீஸ் போட்டவரை ராத்திரிச் சாப்பாட்டில் சந்தித்தோம். பெயர் வெர்னர். அந்த இயந்திரத்தையே ஓட்டியவர். இப்போது ஊரில் சுரங்கத் தொழிலாளர் மனமகிழ் மன்றத்துக்குத் தலைவர். கவிதா கேட்டிருந்தது அந்த மன்றத்தின் கூடத்தைத்தான். அதைச் சாமான் கிடங்காக்க ஒரு வியாபாரியும் கேட்டிருந்தார். கிடங்குக்கே கொடுத்துவிடலாம் என்பது வெர்னரின் எண்ணம். எல்க்கேயின் முகத்துக்காகத்தான் சாப்பிட வந்திருந்தார்.

சாப்பாடு, தோலோடு அவித்த உருளைக்கிழங்கு, வடித்த தயிர் போல ஒரு கெட்டிப் பண்டம், மேலே ஆளி விதை எண்ணெய். மஞ்சளாக, லேசான கசப்போடு, வாசனை ஊரைக் கூட்டியது. அந்தப் பக்கத்து மக்களுக்கு அதுதான் உயிராம். நாங்கள் ஊறுகாயை எடுத்துவைத்தோம். வெர்னர் ஒரு துண்டு வாயில் போட்டார், கண்ணில் நீர் வந்தது, இன்னொரு துண்டு எடுத்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

ஆனால் ஆள் பேச்சில் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் சொன்னதைக் கவிதா தமிழில் சொன்னாள்: "நாளைக்குச் செய்து காட்டுங்க. காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் அந்த இடம் காலியாகக் கூடாதுன்னா ஆகக் கூடாது. நீங்க ரெண்டு பேரும் உட்காரக் கூடாது, இந்தப் பொண்ணும் கூடாது. நீங்கெல்லாம் போயிடுவீங்க. இங்க இருக்கிறவங்களால முடியுமான்னுதான் நான் பார்க்கணும். ஒரு தடவை காலியாச்சுன்னா சாவி கிடங்குக்காரருக்கு."

இந்தத் தடவை நான் முதலில் அதைத்தான் சொன்னேன். மூச்சு, முதுகு எல்லாம் பிறகு. ரிலீவர் வந்து கைமேல் கை வைக்காமல் எழக்கூடாது, நேரம் முடிந்தாலும் எழக்கூடாது. கவிதா சொல்லி முடித்ததும் வெர்னரின் முள்கரண்டி நின்றது.

"ஆள் வரவே இல்லைன்னா?" என்று கேட்டார்.

அண்ணன் தோளைக் குலுக்கினார். "வர்ற வரைக்கும் குந்திகினு இருக்க வேண்டியதுதான். வேற இன்னா பண்றது?"

வெர்னர் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உருளைக்கிழங்கை உரிக்கத் தொடங்கினார்.

மறுநாள் சனிக்கிழமை. மன்றத்துக் கூடம் எங்கள் நெய்வேலி கிளப்பைப் போலவே இருந்தது. அதே மடக்கு நாற்காலி அடுக்கு, சுவரில் விளையாட்டுக் கோப்பைகள், மூலையில் ஓடாத மின்விசிறி. விளக்குக்கு நல்லெண்ணெய் கொண்டுவரவில்லை, அதனால் எல்க்கே ஆளி விதை எண்ணெயையே ஊற்றினார். திரி சடசடவென்று பேசியது, பிறகு நின்று எரிந்தது. அண்ணன் கும்பிட்டார், நான் சிலுவை போட்டுக்கொண்டேன், எல்க்கேயின் தோழி முதலில் உட்கார்ந்தாள்.

காலை முழுக்க ஒரு குறையும் இல்லை. ஒருவர் வருவார், கைமேல் கை வைப்பார், மற்றவர் எழுவார். வெர்னர் கதவருகே கைகட்டி நின்று, பாரா டூட்டி பார்ப்பவர் போல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கம் போகும்போதெல்லாம் முகத்தைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டே போனேன்.

மத்தியானம் எல்க்கேயின் முறை. அவருக்குப் பிறகு உட்கார வேண்டியவர்கள் பக்கத்து ஊரிலிருந்து வர வேண்டும், கவிதாவோடு வேலை பார்க்கிறவர்கள். தண்டவாளத்தில் வேலை நடப்பதால் அன்று ரயிலுக்குப் பதில் பஸ். அந்த பஸ் நடுவழியில் படுத்துவிட்டது. கவிதா வெளியே போய் போனில் பேசிவிட்டு வெளுத்த முகத்தோடு வந்தாள். "மாற்று பஸ் எப்ப வரும்னு தெரியாதாம் ஆன்ட்டி. காலைல உட்கார்ந்தவங்க எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க."

எல்க்கேயின் நேரம் முடிந்தது. எழவில்லை. இன்னொரு முறைக்கான நேரமும் கடந்தது. எழவில்லை. அவர் இடது இடுப்பை மாற்றி மாற்றி வைப்பதும் உதட்டைக் கடிப்பதும் எனக்குத் தெரிந்தது. எத்தனையோ நோயாளிகளைப் பார்த்த கண் இது, எந்த வலி எவ்வளவு என்று தெரியும். என் கால் தானாக இருக்கைப் பக்கம் நகர்ந்தது. அண்ணன் என் முந்தானையை எட்டிப் பிடித்தார்.

"வேணாம் சிஸ்டர். நாம குந்துனா அந்தம்மா இவ்ளோ நேரம் குந்துனது வீணாப் பூடும்."

நான் நின்றேன். வாழ்க்கையில் எத்தனையோ டபுள் டூட்டி பார்த்திருக்கிறேன். ஒன்றுமே செய்யாமல் நின்ற அந்த டூட்டிதான் என்னை உருக்கிவிட்டது.

வெர்னர் கவிதாவைக் கூப்பிட்டார். மெதுவாகத்தான் பேசினார், ஆனால் அமைதியான கூடத்தில் எல்லாம் கேட்டது. கவிதா எங்களுக்குச் சொன்னாள்: "அவங்க நேரம் முடிஞ்சுதே, ஏன் எழுந்திருக்கலன்னு கேட்டாரு. ரிலீவர் வரலன்னு சொன்னேன். வலிக்குதே அவங்களுக்குன்னாரு. ஆமான்னேன்."

வெர்னர் வெளியே போய்விட்டார். போச்சு, கிடங்குக்காரருக்குப் போன் போடப் போகிறார் என்று நினைத்தேன். எங்கோ குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது முகமும் கையும் கழுவி, தலையைச் சீவியிருந்தார். காலணியைக் கழற்றி ஓரமாக வைத்தார். யாரையும் பார்க்காமல் நேராகப் போய் எல்க்கேயின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பெரிய கையை அவர் கைமேல் வைத்தார்.

எல்க்கே எழுந்திருக்க நானும் அண்ணனும் இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டோம். அவர் அழுதுகொண்டே சிரித்தார். நான் அழுதேன், எனக்கு அதில் வெட்கமே இல்லை. நாற்காலியில் உட்காரவைத்து இடுப்பைப் பிடித்துவிட்டேன்.

அதற்குள், கணவரைத் தேடி வந்திருந்த வெர்னரின் மனைவி வெளியே போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். ஆள் குறைந்தால் ஓவர்டைமுக்கு வீடு வீடாகக் கூப்பிடும் அதே குரல். மொழி தெரியாமலே எனக்குப் புரிந்தது. முதலில் ஒரு தடித்த மனிதர் தோட்டத்து மண்ணோடு வந்தார். அடுத்து ஒரு தம்பதி, பிறகு மீசைக்காரர் ஒருவர். எல்லோரும் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள், அல்லது அவர்களின் மனைவிமார். யாருக்கும் நான் எதையும் விளக்கவில்லை. வந்து உட்கார்ந்தார்கள், கைமேல் கை வைத்தார்கள், அடுத்த ஆள் வரும்வரை அசையவில்லை. பெர்லினில் சான்றிதழ் கேட்டவர்களை நினைத்துக்கொண்டேன், எனக்குச் சிரிப்பு வந்தது.

பக்கத்து ஊர்க்காரர்கள் மழையில் நனைந்து வந்து சேர்ந்தபோது அவர்களுக்கே காத்திருக்க வேண்டிய வரிசை. எல்க்கேயின் தோழிகள் காபியும் ஆப்பிள் கேக்கும் கொண்டுவந்தார்கள். நான் முந்திரியை அள்ளி அள்ளிக் கொடுத்தேன். திருவிழாவுக்கு வந்தது போல, ஆனால் யாரும் வாய் திறக்காமல் தின்றார்கள். கடைசி முறை தனக்கு வேண்டும் என்று வெர்னர் சைகையால் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பொழுது சாய்ந்தது. ஜன்னல் சிவந்து, பிறகு சாம்பல் நிறமானது. கவிதா முன்னால் வந்து, முடிந்தது என்று ஜெர்மனில் சொன்னாள். கூடம் முழுக்கக் கைதட்டியது. அண்ணன் என் கையைப் பிடித்து ஆட்டோ ஆட்டென்று ஆட்டினார்.

வெர்னர் மட்டும் எழவில்லை.

கைதட்டல் ஓய்ந்தது. அவர் கண்ணைத் திறந்து கவிதாவிடம் ஏதோ சொன்னார். அவள் எங்கள் பக்கம் திரும்பினாள்.

"ரிலீவர் வரல, எப்படி எழுந்திருக்கிறதுன்னு கேக்குறாரு."

"முடிஞ்சுதுன்னு சொல்லும்மா" என்றேன்.

"சொன்னேன் ஆன்ட்டி. இன்னிக்கு முடிஞ்சுது, சரி. அடுத்த சனிக்கிழமை இங்க உக்காரப் போறது யாரு, அவங்கள வரச் சொல்லுங்கறாரு."

எல்க்கே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சாய்ந்து சாய்ந்து அந்தக் கூடத்தின் முழு நீளத்தையும் நடந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கைமேல் கை வைத்தார். வெர்னர் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றினார். எல்க்கேயின் உள்ளங்கையில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார். அதன் பிறகுதான் எழுந்தார்.

கவிதா என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கலியபெருமாள் அண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அடுத்த வாரத்துக்கு ஆளு போட்டாச்சு சிஸ்டர். வாங்க, சாப்பிடப் போவலாம். பசி உசுரு போவுது."